தோலில் பூசியது சேலையில் ஏறாமல்

டான், மஞ்சள், மருதோன்றி: கண்டியின் வெள்ளை உடுப்புக்கும் பட்டுக்கும் வரும் சோதனை

ஆணழகன் போட்டிக்கு முதல் நாள் இரவு, மேடையேறப் போகும் இளைஞன் வீட்டிலுள்ள நல்ல விரிப்புகளைச் சுருட்டி வைத்துவிட்டுப் பழைய கறுப்புத் துணி ஒன்றை விரித்துத்தான் படுப்பான். உடம்பெல்லாம் பழுப்புச் சாயம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று பூச்சு, நண்பர்கள் ஸ்பொஞ்சால் பூசி விட்டிருப்பார்கள். கைகளை அகட்டியபடி, எதிலும் சாயாமல், அது காயும்வரை நின்றிருப்பான். மேடை விளக்கின் வெள்ளொளியில் கறுத்த தோலும் வெளிறித் தெரியும். உழைத்துச் செதுக்கிய தசையின் வெட்டுகள் நடுவரின் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் பிறப்பிலேயே கறுத்த நம் பிள்ளைகளும் 'டான்' பூசாமல் மேடையேறுவதில்லை. கண்டி ஜிம்களில் பயிற்சி எடுத்துப் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் வழக்கம். போட்டி முடிந்து பதக்கத்தோடு வருகிறவனிடம் தாய் முதலில் கேட்பது, வெள்ளை பெனியன் ஏன் இப்படி ஆனது என்றுதான்.

கண்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளின் பையிலும் இதே பொருள் கிரீமாகவோ நுரையாகவோ இருக்கிறது. வெயிலில் கிடந்து தோலைப் புண்ணாக்காமல் பழுப்பு நிறம் பெற வேண்டும் என்று பூசிக்கொள்கிறார்கள். இரவில் பூசிவிட்டு ஹோட்டலின் வெள்ளை விரிப்பில் படுத்தால், தோளும் முழங்கையும் இடுப்பும் பட்ட இடமெல்லாம் காலையில் மண்ணிறத் தடம். அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணும் லாண்டரியில் நிற்பவரும்தான் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வெள்ளைத் துணிக்கு இந்த ஊரில் இருக்கும் மரியாதையை வெளியூர்க்காரர் முதல் நாளிலேயே கண்டுகொள்வார். போயா நாளில் தலதா மாளிகைக்குப் போகும் கூட்டம் முழுக்க வெள்ளை. எசல பெரஹராவில் புனித தந்தப் பேழை சுமக்கும் யானை வெறுந்தெருவில் கால் வைப்பதில்லை. அதன் முன்னால் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டே போகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் சீருடை நாடு முழுக்கப் பெரும்பாலும் வெள்ளை. 1993 முதல் அதற்கான துணியை அரசாங்கமே கொடுக்கிறது. அதே ஊரில்தான் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கும் நம் பெண்களும், கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் மருதோன்றி இடும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை முஸ்லிம் குடும்பங்களும் இருக்கிறார்கள். தோலுக்கு நிறம் ஏற்றுவது நமக்குப் புதிதே அல்ல. வெளிநாட்டுப் போத்தலில் வரும் டானும் அம்மியில் அரைத்த மஞ்சளும் துணிக்கு ஒரே வகையான தொல்லையைத்தான் தருகின்றன. ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றதைச் சமாளிப்பது எளிது.

சின்சினாட்டியில் சிந்திய மருந்து

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1950களில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், உடம்பில் கிளைக்கோஜன் சேர்ந்துவிடும் பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு ஒரு சீனிச் சேர்மத்தை வாயால் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் டைஹைட்ரொக்சிஅசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. மூன்று கார்பன் அணுக்கள் மட்டும் கொண்ட, மிகச் சிறிய சீனி அது. குழந்தைகள்தானே, குடிக்கும்போது சிந்தினார்கள், துப்பினார்கள். சிந்திய இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பானது. ஆனால் பக்கத்திலிருந்த உடுப்பில் கறை ஏறவில்லை. இந்த வித்தியாசம்தான் விட்கென்ஸ்டைனின் கவனத்தை இழுத்தது. தன் தோலிலேயே பூசிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். 1960ஆம் ஆண்டு கொப்பர்டோன் நிறுவனம் இந்தச் சேர்மத்தை வைத்துத் தன் முதல் பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு விற்கும் டான் எல்லாவற்றிலும் வேலை செய்வது பெரும்பாலும் இதே டி.எச்.ஏ.தான்.

அன்று கறை ஏறாத பொருள், இன்று உடுப்பைப் பாழாக்குகிறது என்ற முறைப்பாடு எங்கிருந்து வந்தது? பதில் துணியின் இழையில் இருக்கிறது.

நம் தோலின் மேற்பரப்பு இறந்த உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம். அது பெரும்பாலும் புரதம். டி.எச்.ஏ. அந்தப் புரதத்தின் அமினோ பகுதியோடு வினைபுரிந்து பழுப்பு நிறமிகளை உண்டாக்குகிறது. அப்பச் சட்டியில் மாவின் கரை பொன்னிறமாக முறுகுவதும் இதே குடும்பத்து வினைதான்; மெய்யார் வினை என்பார்கள். சட்டியில் நெருப்பின் வேகத்தில் நடப்பது, தோலில் உடம்புச் சூட்டில் ஆறு முதல் எட்டு மணி நேரம் எடுத்து நடக்கிறது. மேற்படலம் உதிர உதிர ஒரு வாரத்தில் நிறமும் போய்விடுகிறது.

துணிக்கு வருவோம். பருத்தி செடியிலிருந்து வருவது. அது செல்லுலோஸ், அமினோ பகுதி அதில் இல்லை. டி.எச்.ஏ.க்குப் பிடித்துக்கொள்ள அங்கே இடமே கிடையாது. பட்டு புழுவின் வாயிலிருந்து வருவது, கம்பளி ஆட்டின் மேலிருந்து வருவது. இரண்டும் நம் தோலைப் போலவே புரதம். நைலோன் ஆலையில் செய்தது என்றாலும் அதன் மூலக்கூறின் முனைகளிலும் அமினோ பகுதி உண்டு; நீச்சல் உடையும் உள்ளாடையும் டானுக்கு இரையாவது அதனால்தான். ஆக, தோலைப் பிடிக்கும் சாயம் பட்டையும் பிடிக்கும். மருதோன்றிக்கும்கூட இதுவே கணக்கு; மஞ்சள் மட்டும் பருத்தியையும் பிடிக்கும்.

அப்படியென்றால் பருத்தி விரிப்பில் தெரியும் மண்ணிறம் என்ன? பெரும்பாலும் அது டி.எச்.ஏ.யின் வேலை அல்ல. பூசிய இடம் எது, விட்ட இடம் எது என்று கண்ணுக்குத் தெரிவதற்காகத் தயாரிப்பாளர்கள் சேர்க்கும் வழிகாட்டி நிறம் அது. பூசியவுடனே தோல் பழுப்பாகத் தெரிவதும் அதனால்தான். பருத்தியில் அது மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். நல்ல சவர்க்காரத்துக்கு இளகிவிடும்.

செடியின் நாரில் நிறம் ஏற்றுவது எவ்வளவு பாடு என்பதை அறியத் தும்பரப் பள்ளத்தாக்குக்குப் போனால் போதும். ஹேனவலை கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகப் பின்னும் தும்பரப் பாய்களுக்கு ஹன என்ற செடியின் நாரைச் சிவப்பாக்கப் பதங்கிக் கட்டையைச் சீவி, கொரகஹ இலையும் சேர்த்து நேரமெடுத்து அவிக்கிறார்கள். கறுப்புக்குக் கடுக்காய். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டி நாட்டுக் கைவினைகளைப் பதிவு செய்திருக்கிறார். சாயத்தை இழையில் நிறுத்தும் பிடிப்பான் ஒன்றைச் சேர்த்து அவிக்காவிட்டால் செடி நார் பெரும்பாலான சாயங்களை லேசில் ஏற்பதில்லை. அந்தக் கைவினைஞருக்குத் தடையாக இருக்கும் இந்தக் குணமே சாயம் பூசிய உடம்பில் பருத்தி உடுத்துகிறவருக்குப் பாதுகாப்பு.

முதல் எட்டு மணி நேரம்

டானைப் பொறுத்தவரை பூசிய நேரத்திலிருந்து முதல் குளிப்பு வரையான இடைவெளியில்தான் உடுப்பு பாழாகிறது. அந்த நேரத்தைக் கவனித்துக்கொண்டால் பாதிக்கு மேல் வெற்றி.

பூசுவதற்கு முதல் நாளே உடம்பைத் தேய்த்துக் குளித்துப் பழைய தோலை உதிர்த்துவிட வேண்டும். முழங்கை, முழங்கால், குதிக்கால் போன்ற வறண்ட இடங்களில் துளி கிரீம் தடவலாம். வறண்ட தோல் அளவுக்கு மீறி உறிஞ்சித் திட்டுத் திட்டாக நிறம் பிடிக்கும். கொஞ்சமாக எடுத்து, தேய்த்துப் பரப்ப வேண்டும். தோல் ஏற்றுக்கொள்ளாமல் மேலே நிற்கும் மிச்சம்தான் துணிக்குப் போகிறது. கையுறை இல்லாமல் பூசினால் உள்ளங்கையை உடனே கழுவுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கையோடு தொட்ட கதவும் திரைச்சீலையும் தப்பாது.

தயாரிப்பாளர்கள் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று எழுதியிருப்பது கண்டிக்குப் பொருந்தாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், காற்றில் எப்போதும் ஈரம், பின்னேரமானால் மழை. இங்கே இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரக் குளிப்புக்குப் பிறகு, வியர்வை அடங்கியதும், மின்விசிறியின் கீழ் நின்று பூசுவது நல்லது. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. காய்ந்தபின் அக்குளிலும் இடுப்புப் பட்டி வரும் இடத்திலும் கொஞ்சம் டல்கம் பவுடர் தூவலாம்.

அதன்பிறகு உடுத்துவது தளர்வான, கடும் நிறப் பருத்தி உடுப்பாக இருக்கட்டும். சாரமும் முழுக்கைச் சட்டையும் போதும். இறுக்கமான உள்ளாடை வேண்டாம். நைலோன், பட்டு, கம்பளி எதுவும் வேண்டாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை மாதங்களில் பூசிவிட்டு வெளியே போகவே கூடாது. ஒரு மழையில் நனைந்தால் நிறம் கோடு கோடாக வழிந்து சட்டையையும் கெடுக்கும், முச்சக்கரவண்டிக்காரரின் சீட்டையும் கெடுக்கும். காலையில் சவர்க்காரம் போடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில், வடிகிற தண்ணீர் தெளியும்வரை உடம்பைக் கழுவுங்கள். வழிகாட்டி நிறம் போய், தோலில் பிடித்த நிறம் மட்டும் நிற்கும். அது துணியில் ஏறாது. புதிதாகப் பூசியிருந்தால் முதல் நாள் வியர்வையில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை.

ஹோட்டலில் தங்கும் போட்டியாளர்கள் சொந்தமாகக் கறுப்பு விரிப்பும் தலையணை உறையும் கொண்டுபோவது நல்ல பழக்கம். இல்லாவிட்டால் வரவேற்பில் சொல்லிப் பழைய விரிப்புக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் வெள்ளை விரிப்பைக் கெடுத்துவிட்டுப் போவதுதான் தவறு. அந்தக் கறையோடு மல்லாடுவது மிகக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவர்.

இனி, பட்டுவிட்ட துணிக்கு. பலரும் அறியாத ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டி.எச்.ஏ.க்கு நிறமே இல்லை. பட்டுச் சேலையில் அது பட்ட அன்று ஒன்றும் தெரியாது. தப்பித்தோம் என்று மடித்து அலுமாரியில் வைத்தால் அடுத்த நாள் பழுப்பு முளைத்திருக்கும். ஆனால் இந்தத் தாமதம் நமக்கு உதவவும் செய்யும். டி.எச்.ஏ. தண்ணீரில் நன்றாகக் கரையும். வினை முற்றுமுன் குளிர்ந்த தண்ணீரில் துணியின் பின்பக்கத்திலிருந்து அலசினால் வந்த வழியே போய்விடும். ஆகவே டான் பட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலே, கண்ணுக்குக் கறை தெரியாவிட்டாலும், அன்றைக்கே அலசுங்கள். வெந்நீர் வேண்டாம். அயன் வேண்டவே வேண்டாம். சூடு அந்த வினையை வேகப்படுத்தும், காணாத கறையையும் அயன் பெட்டி காட்டிக்கொடுத்து நிலைநிறுத்திவிடும்.

பழுப்பு தங்கிய பருத்திக்கு, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி அரை மணி நேரம் வைத்து அலசிப் பார்க்கலாம். போகாவிட்டால் பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட் கரைசல். மடிப்பின் உள்ளே ஒரு துளி விட்டுத் துணியின் நிறம் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டிலும் கம்பளியிலும் குளோரின் ப்ளீச் படவே கூடாது. கறை போகுமோ போகாதோ, இழையே அரித்துப்போகும். பட்டில் முற்றிய டான் கறையை வீட்டில் முழுதாக எடுப்பது நடக்காத காரியம். ட்ரை கிளீனிங் கடைக்குக் கொடுக்கும்போது இது என்ன கறை என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். குழம்பு என்று எழுதிக்கொண்டு அவர்கள் வேறு மருந்து போட்டால் சேலை கெடும்.

மஞ்சள் செய்யும் மாயம்

நம் வீடுகளில் டானைவிடப் பெரிய கறைக்காரன் மஞ்சள். வெள்ளிக்கிழமைக் குளிப்பு, பிள்ளையின் சடங்கு, கலியாணத்து நலங்கு, மாரியம்மன் திருவிழா முடிவில் ஊற்றும் மஞ்சள் நீர் என்று மலையகத் தமிழர் வாழ்க்கையில் மஞ்சள் தொடாத நிகழ்ச்சி இல்லை. தாலிக் கயிற்றில் மஞ்சள் தேய்க்கும் தோட்டத்துப் பெண்களின் சட்டைக் கழுத்து எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும். குளித்துவிட்டுச் சீருடை மாட்டும் பிள்ளையின் வெள்ளைக் கொலருக்கும் அதே கதிதான்.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் லேசில் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். அதனால்தான் வெறும் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் அசையாமல் நிற்கிறது, எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த குழம்புக் கறை இன்னும் ஆழமாக இறங்குகிறது. சவர்க்காரத்தைத் தேய்த்தவுடன் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகும்போது பலர் பயந்துபோகிறார்கள். துணி கெட்டுவிட்டது என்று அவசரத்தில் கண்ட மருந்தையும் ஊற்றுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. காரம் பட்டால் குர்குமின் சிவக்கும்; அலசினால் திரும்ப மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்த நம் முன்னோர் பயன்படுத்தியதும் இந்த வினையைத்தான்.

காரத்தில் குர்குமின் நிறம் மாறுவதோடு நிற்பதில்லை, மெல்ல மெல்லச் சிதையவும் செய்கிறது. வெயிலிலும் அப்படியே. வெள்ளாவி வைத்துத் துணி வெளுத்தவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. உவர்மண் கரைசலில் தோய்த்து, ஆவியில் வேகவைத்து, ஆற்றங்கரைப் புல்லில் ஈரத்தோடு வெயிலில் விரிப்பார்கள். சடங்கு வீட்டுத் துணியெல்லாம் மஞ்சளோடு அவர்களிடம் போய் வெள்ளையாகத் திரும்பி வந்தது இந்த முறையில்தான். தோட்டங்களில் டோபிகள் லயத்துக்கு லயம் துணி எடுத்த காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அற்பக் கூலியும் தாழ்த்திப் பேசும் பேச்சும். அவர்கள் கையிலிருந்த அறிவை நாம் எழுதி வைக்கவும் இல்லை, மதிக்கவும் இல்லை. அது நமக்குப் பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இன்று வீட்டில் செய்யக்கூடியது இதுதான். காய்ந்த மஞ்சளை முதலில் உதறுங்கள், தேய்க்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுங்கள். பாமசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றி எடுங்கள்; குர்குமின் அதில் கரைந்து பஞ்சுக்கு வரும். பிறகு சவர்க்காரம் போட்டு அலசி, ஈரத்தோடு நேர் வெயிலில் காய விடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான கண்டி வெயிலில் வெள்ளைப் பருத்திக் கறை இரண்டொரு நாளில் காணாமல் போகும். மழை மாதங்களில் காலை வெயில் கிடைக்கும் நேரத்தில் போட்டு, மழைக்கு முன் எடுத்து, அடுத்த நாளும் நனைத்துப் போட வேண்டும். தேசிக்காய்ப் புளி விட்டால் சிவப்பு மாறி மஞ்சளாகும், அவ்வளவுதான். அது கறையை எடுத்துவிட்டதாக நம்பிவிடாதீர்கள். பட்டுக்கு இந்த வெயில் வைத்தியம் ஆகாது. பட்டின் சொந்த நிறமும் சேர்ந்து வெளிறும்.

எத்தனை நாள் வெயிலில் போட்டும் மங்காத மஞ்சள் கறை இருந்தால் துணியை விட்டுவிட்டு மஞ்சளைச் சந்தேகப்படுங்கள். 2019 டிசம்பரில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020இல் கிலோ 5000 ரூபாவையும் தாண்டியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் மஞ்சள் கடத்தினார்கள். கடைகளில் மாவும் சாயமும் கலந்த தூள் பிடிபட்டது. மெட்டானில் மஞ்சள் போன்ற செயற்கைச் சாயங்கள் குர்குமினைப் போல் வெயிலுக்குச் சிதைவதில்லை. அவை பட்டுக்கும் கம்பளிக்கும் நிறம் ஏற்றவே செய்யப்பட்டவை. உணவில் சேர்க்க அனுமதி இல்லாதவை. சேலையில் நிற்கும் கறை, பிள்ளையின் வயிற்றுக்குள் எது போகிறது என்பதையும் சொல்லக்கூடும்.

குளிப்பதற்கு மட்டும்தான் மஞ்சள் என்றால் கஸ்தூரி மஞ்சளைத் தேடி வாங்குங்கள். அது வேறு செடி. குர்குமின் மிகக் குறைவு, நிறம் பிடிக்காது. உண்மையான கஸ்தூரி மஞ்சள் தூள் வெளிறிய நிறத்தில் இருக்கும். கடையில் பளீரென்ற மஞ்சளில் கொடுத்தால் அது அதுவல்ல. சீருடை போடும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாற்றமே போதும். தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் தேய்க்கிறவர்கள் இரவில் தேய்த்துக் காயவிட்டு, காலையில் அலசிவிட்டுச் சட்டை போடலாம்.

மருதோன்றி, பட்டு, கலியாணம்

மருதோன்றியின் நிறம் லோசோன் என்ற பொருள். அதுவும் தோலின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துதான் நிற்கிறது. இட்ட இரவில் செம்மஞ்சளாக இருப்பது ஓரிரு நாளில் கடும் செந்நிறமாகும். கம்பளிக்கும் பட்டுக்கும் நிறம் ஏற்ற மருதோன்றி இலையைப் பயன்படுத்திய நாடுகள் பல. அதே இலையின் பசையைக் கையில் வைத்துக்கொண்டு பட்டு உடுத்திய மணப்பெண் சோபாவில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மருதோன்றியைக் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இட்டுவிடுங்கள். நிறமும் அப்போதுதான் உச்சத்துக்கு வரும், பசை உதிரும் ஆபத்தும் கடந்திருக்கும். இட்ட இரவில் பழைய பருத்திச் சட்டை, கைக்குத் தளர்வான பருத்தி உறை. பசை காய்ந்து உதிரும் துகள்தான் விரிப்பில் ஈரம் பட்டுக் கறையாகும். அதை நனைக்காமல் தட்டி எடுக்க வேண்டும். பருத்தியில் பட்டது உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போகும், தங்கினால் பேரொட்சைட். பட்டில் பட்டது போகாது. கறுப்பு மருதோன்றி என்று விற்கும் கூம்புகளை எந்தக் கையிலும் இடாதீர்கள். அதில் கலந்திருப்பது பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற இரசாயனம், தோல் கொப்பளித்து வடு தங்கக்கூடும்.

மணப்பெண்ணின் கழுத்திலும் கையிலும் பூசும் மேக்கப்பும் இதே வரிசையில் வருகிறது. கண்டிப் பாணியில் கட்டும் ஒசரிச் சேலையோ நமது கூறைச் சேலையோ, இரண்டும் பெரும்பாலும் பட்டு. சேலை கட்டிய பிறகு கழுத்துக்குக் கீழே மேக்கப் பூசுவதை எந்த அலங்காரக்காரர் செய்தாலும் தடுத்துவிடுங்கள். பூசிக் காய்ந்து, பவுடரும் ஒற்றியபின் சேலை. சட்டையின் அக்குளிலும் கழுத்திலும் மெல்லிய பருத்தி உள்துணி தைத்துத் தரும்படி தையல்காரரிடம் கேளுங்கள். அதைக் கழற்றித் துவைக்கலாம். பட்டைத் துவைக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாத கறை

தோலைக் கறுப்பாக்கும் பூச்சைப் பற்றிப் பேசிவிட்டு, வெள்ளையாக்கும் கிரீமைப் பற்றிப் பேசாமல் விட என் மனம் இடம் தரவில்லை. உடுப்புக்கு அது செய்யும் தீமை எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் அதில் நிறமே தெரியாது. முகவரியில்லாத டப்பாக்களில் விற்கும் சில வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் ஏற்றுமதியையும் 2020ஆம் ஆண்டோடு நிறுத்தச் சொன்னது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. ஆனாலும் கிரீம்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, கலிபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் இத்தகைய கிரீம் பூசியவர்களை மட்டுமல்ல, அதே வீட்டில் கிரீமைத் தொடாமல் இருந்தவர்களையும் சோதித்ததைச் சொல்கிறது. பிள்ளைகள் உட்படத் தொடாதவர்களின் உடம்பிலும் பாதரசம் ஏறியிருந்தது. தலையணை உறை, துவாய், தாயின் தோளில் சாயும் குழந்தை, இவை வழியாக அது வீடெங்கும் பரவுகிறது. பெயரும் உற்பத்தியாளரும் உள்ளடக்கமும் எழுதப்படாத கிரீமை வாங்காதீர்கள். வாங்கிப் பூசியிருந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தத் தலையணை உறையையும் துவாயையும் மற்ற உடுப்போடு சேர்த்துத் துவைக்காமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

டானைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. அது தரும் பழுப்பு வெயிலிலிருந்து காக்காது. நிறம் ஏறிய தோல் பலமாக இருக்கிறது என்று நம்பி வெயிலில் நிற்கிறவர்கள் சுடுபடுகிறார்கள். ஸ்பிரேயாக அடிக்கும்போது கண், உதடு, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ள வேண்டும், டி.எச்.ஏ. தோலின் மேற்புறத்துக்கு மட்டுமே ஏற்றது.

இந்தப் பொருள்களைக் கொண்டுவந்து விற்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை. டான் போத்தலிலும் மருதோன்றிக் கூம்பிலும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிக் கொடுங்கள். பட்டு, கம்பளி, நைலோன் ஆகியவற்றில் கறை நிரந்தரம், பட்ட அன்றே குளிர்ந்த தண்ணீரில் அலசவும் என்ற இரண்டு வரி போதும். ஹோட்டல்காரர்கள் அறையில் ஒரு கடும் நிற விரிப்பை மேலதிகமாக வைத்து, கேட்டால் தருவோம் என்று ஒரு அட்டையில் எழுதி வைக்கலாம்.

வாசகர்களுக்கு: பட்டு உடுத்தப் போகும் நாளுக்கு முந்திய இரவில் மஞ்சளும் மருதோன்றியும் டானும் பூசாதீர்கள். இரண்டு நாள் முன்னரே முடித்து, குளித்து, பழைய பருத்தி உடுப்பில் அந்த இரவுகளைக் கழித்துவிட்டு, பட்டைக் கடைசியில் எடுங்கள்.